களிம்புக்குக் கேட்காத கரப்பான்

நம்பிக்கை: களிம்புக்கே கேட்கவில்லை என்றால் இந்தக் கரப்பானுக்கு வேறு வைத்தியம் கிடையாது.

உண்மை: களிம்பு போதிய அளவு போடப்பட்டதா என்பதைத்தான் தோல் மருத்துவர் முதலில் விசாரிப்பார். ஸ்டீராய்டு என்ற பயத்தில் பலர் பொட்டு வைப்பதுபோலத் தொட்டு வைக்கிறார்கள். பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபைப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குத்தான் அது வரும்.

அடுத்து, வந்திருப்பது கரப்பான் எனப்படும் எக்ஸிமாதானா? படர்தாமரைமேல் ஸ்டீராய்டு போட்டால் அரிப்பு சில நாள் அடங்கும். பூஞ்சையோ பரவிக்கொண்டே போகும். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும், குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு கலந்த களிம்புகளால் இப்படி அவதிப்படுவோர் நம் நாட்டில் ஏராளம். இந்த விற்பனையைக் கண்டிப்பாகத் தடுத்தே ஆகவேண்டும். வீட்டில் பலருக்கும் இரவில் அரித்தால் அது சிரங்காக இருக்கலாம். கவரிங் நகையின் நிக்கல், தலைச்சாயம், சிமெண்ட் ஆகியவற்றின் ஒவ்வாமையை, முதுகில் ஒட்டி இரண்டு நாள் வைத்திருக்கும் பேட்ச் பரிசோதனை காட்டிக்கொடுக்கும்.

நம்பிக்கை: கத்தரிக்காய், கருவாடு, நிலக்கடலையை நிறுத்தினால் சரியாகிவிடும்.

உண்மை: கடுமையான எக்ஸிமா உள்ள குழந்தைகளில் சிலருக்கு உணவு ஒவ்வாமை உண்டு. அதைச் சோதித்து உறுதி செய்யாமல் முட்டை, பால், மீன் என்று ஒவ்வொன்றாக நிறுத்தினால் அரிப்பு போகாது, குழந்தைதான் மெலியும்.

நம்பிக்கை: களிம்புக்கு அடுத்தது ஸ்டீராய்டு மாத்திரைதான்.

உண்மை: பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை அரிப்பைச் சட்டென்று அடக்கும்; நிறுத்தியதும் பலருக்கு முன்பைவிட வேகமாகத் திரும்பும். அதற்குப் போகாமலே வழிகள் இருக்கின்றன. முகத்துக்கும் கண்ணிமைக்கும் ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு உண்டு. நோய் முற்றும்போது மருந்து பூசி, அதன்மேல் ஈரத்துணியும் உலர்துணியும் சுற்றும் முறை குழந்தைகளுக்கு நன்றாக உதவுகிறது. 311 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா ஒளி சிகிச்சைக்கு வாரம் இரண்டு மூன்று முறை போகவேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சிரமம்தான். சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரைகளை ரத்தப் பரிசோதனைகளோடு எடுக்கலாம். ஆனால் கருத்தரிக்க விரும்பும் பெண்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட் கூடாது.

2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டுபிலுமாப் ஊசி, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின் 4, 13 இரண்டின் சமிக்ஞையையும் தடுக்கிறது. பெரியவர்கள் வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்வார்கள். கண் சிவந்து உறுத்துவது இதன் பக்கவிளைவு, விலையும் அதிகம். உபாடாசிட்டினிப், அப்ரோசிட்டினிப் மாத்திரைகள் அரிப்பைச் சில நாட்களிலேயே குறைக்கக்கூடியவை. ஆனால் ரத்த உறைவும் தொற்றும் வரும் ஆபத்து உண்டு; அதனால் காசநோய் உள்ளதா என்பது உட்படப் பார்த்த பிறகே தொடங்குவார்கள்.

தோல் மருத்துவரிடம் போகும்போது, இதுவரை பூசிய ட்யூப், எண்ணெய், நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடையில் நீங்களாகவே வாங்கியதையும் மறைக்க வேண்டாம்.