கிணற்றை ஆழமாக்குமுன் அறியவேண்டியவை
(யாழ்ப்பாணக் குடாநாட்டு நெற்செய்கையாளருக்கும் காய்கறித் தோட்டக்காரருக்கும்)



யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை என்பதை யாவரும் அறிவர். வலிகாமத்து வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடிக் கோடையில் வறண்டுவிடுகின்றது. நீரைத் தேக்கி வைத்துத் தருவதற்கு மலையும் இல்லை. ஆயினும் திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய் முதலிய ஊர்களின் செம்மண் தோட்டங்களிலே வெங்காயம், மிளகாய், கத்தரி, பீற்றூட், வாழை என்பன கடுங்கோடையிலும் செழித்து நிற்கின்றன. அவற்றுக்கு உயிர் கொடுப்பது கிணறு ஒன்றே.

கோடையில் நீர்மட்டம் இறங்கியவுடன் கிணற்றை மேலும் வெட்டி ஆழமாக்குவதும், குழாய்க்கிணறு இறக்குவதும் பலரது வழக்கம். வேறு நாட்டில் இது பயன் தரக்கூடும். நமது குடாநாட்டில் இதனாற் கிணறே கெட்டுப்போதல் உண்டு. ஏன் அவ்வாறாகின்றது என்பதை அறிய, முதலில் நமது நிலத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். உங்கள் பிள்ளைகள் பாடசாலையிலே புவியியற் பாடத்திற் கற்பதும், நீங்கள் நாள்தோறும் கிணற்றடியிற் காண்பதும் ஒரே செய்திதான்.

1. நிலத்தின் அமைப்பு

திருநெல்வேலியில் ஒரு தோட்டக் கிணற்றை எட்டிப் பாருங்கள். மேலே சில அடி செம்மண். அதன் கீழே வெண்மையும் மஞ்சளும் கலந்த கல். இக்கல்லே சுண்ணாம்புக்கல். குடாநாடு முழுவதற்கும் அடித்தளமாக அமைந்துள்ளது இதுவே. காங்கேசன்துறையில் 1950 ஆம் ஆண்டு தொடக்கம் 1990 ஆம் ஆண்டு வரை இயங்கிய சீமெந்துத் தொழிற்சாலைக்கு மூலப்பொருளாகப் பயன்பட்டதும் இக்கல்லே.

இக்கல் கடலிற் பிறந்தது. மயோசின் என்று புவியியலார் கூறும் காலத்திலே, அதாவது பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர், இப்பகுதி ஆழங்குறைந்த கடலாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் பிற சுண்ணாம்புப் பகுதிகளும் அடியிற் படிந்து, இறுகிக் கல்லாயின. பின்னர் அது கடலுக்கு மேலே தோன்றியது. கல்லை உடைத்தாற் சிப்பியின் வடிவங்கள் சில இடங்களிற் காணப்படுவது இதனாலேயே. மேலேயுள்ள மண்ணின் செந்நிறத்துக்குக் காரணம் அதிலுள்ள இரும்பு ஒட்சைட்டு.

2. மழைநீர் செல்லும் வழி

நமக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் மழை ஏறத்தாழ 50 அங்குலம். இதிற் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் திசம்பர் வரையான வாடைக்காற்றுக் காலத்திலேயே பெய்துவிடுகின்றது. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் அது ஏறத்தாழ 22,600 கலன் நீராகும். இந்நீரில் ஒரு பகுதி ஆவியாகின்றது. ஒரு பகுதி கடலுக்கும் கடனீரேரிக்கும் ஓடிவிடுகின்றது. எஞ்சிய பகுதி நிலத்தினுள் இறங்குகின்றது. செம்மண் நீரை விரைவாக உட்செலுத்தும் இயல்புடையது.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகின்றது. இவ்வமிலம் சுண்ணாம்புக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். நமது கிணற்று நீரிற் சவர்க்காரம் எளிதில் நுரைக்காமைக்கும், கேத்தலின் உட்புறத்தில் வெண்ணிறப் படிவு ஏற்படுவதற்கும் காரணம் இவ்வாறு கரைந்து வந்த சுண்ணாம்பே. பல்லாயிரம் ஆண்டுகள் இவ்வாறு கரைந்ததனாற் கல்லினுள்ளே வெடிப்புகளும் குகைகளும் நீரோடும் வழிகளும் உண்டாகியுள்ளன. புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணறு இத்தகைய குகையொன்றின் மேற்பகுதி இடிந்து தோன்றியதாகும். கீரிமலையிற் கடலோரத்திலே நன்னீர் ஊறுவதும் இவ்வழிகளின் வேலையே. உள்நாட்டிற் பெய்த மழை கல்லினூடாக ஓடி அங்கே வெளிப்படுகின்றது.

ஆகவே உங்கள் கிணறும் அயலவர் கிணறும் தனித்தனிப் பாத்திரங்கள் அல்ல. ஒரே நீர்நிலையைப் பார்க்கும் பல சாளரங்களே அவை.

3. நன்னீர் உவர்நீரின்மேல் மிதத்தல்

குடாநாட்டைச் சூழக் கடலும் கடனீரேரியும் உள்ளன. வெடிப்பு நிறைந்த கல்லினூடாக அவற்றின் உவர்நீரும் நிலத்தின் கீழே புகுந்து நிற்கின்றது. எனினும் நமது கிணற்றில் நன்னீர் இருப்பது எவ்வாறு?

ஒரு கன அடி நன்னீரின் நிறை ஏறத்தாழ 62.4 இறாத்தல், ஒரு கன அடி கடல்நீரின் நிறை ஏறத்தாழ 64 இறாத்தல். உப்புக் கரைந்திருப்பதனாற் கடல்நீர் பாரமானது. எனவே மழையால் இறங்கிய நன்னீர் அதன் மேலே மிதந்து நிற்கின்றது. நடுவிலே தடித்தும், கரையோரங்களில் மெலிந்தும் ஒரு வில்லையைப் போல இந்நீர் அமைந்துள்ளது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவுப்பகுதி என்பவற்றில் இத்தகைய நன்னீர் வில்லைகள் உண்டு.

இவ்வில்லை எவ்வளவு ஆழமானது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 41 அடி உயரமுள்ள நன்னீர்த் தூணின் பாரம், 40 அடி உயரமுள்ள கடல்நீர்த் தூணின் பாரத்துக்கு ஏறத்தாழச் சமம். அதாவது நன்னீர் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த படோன் கைபன் என்பவர் 1888 ஆம் ஆண்டளவிலும், ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் என்பவர் 1901 ஆம் ஆண்டிலும் இவ்வுண்மையைத் தனித்தனியே விளக்கினர்.

இக்கணக்கை மறுபுறமாகவும் பாருங்கள். நன்னீரின் மட்டம் ஓர் அடி இறங்கி அவ்வாறே நின்றுவிட்டால், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 அடி மேலெழ இடமுண்டு. கல்லின் வெடிப்புகளுக்கு ஏற்ப இவ்வளவு கூடலாம், குறையலாம். இரு நீருக்கும் இடையே கூர்மையான எல்லையும் இல்லை. சவர் கலந்த ஒரு படையே உண்டு. ஆயினும் மேலே சிறிது குறைந்தாற் கீழே பெரிது இழப்போம் என்னும் அடிப்படை மாறாது. நிலாவரையிலும் மேற்பகுதியில் நன்னீரும், ஆழத்திலே உவர்நீரும் உள்ளமை இதற்குக் கண்கண்ட சான்று.

4. வீட்டிற் செய்யக்கூடிய சோதனை

ஒரு கண்ணாடிக் குவளையில் அரைவாசிக்கு நீர் எடுத்து, இரண்டு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து, பீற்றூட் சாற்றாற் சிவப்பு நிறமூட்டுங்கள். பின்னர் ஒரு கரண்டியின் முதுகின்மேல் விழுமாறு நன்னீரை மெல்ல மெல்ல ஊற்றுங்கள். சிவந்த உப்புநீர் கீழேயும் தெளிந்த நன்னீர் மேலேயும் நிற்பதைக் காணலாம்.

இனி, ஒரு பப்பாசிக் குழலை அல்லது உறிஞ்சுகுழலை மேலேயுள்ள நன்னீரில் வைத்து மெல்ல உறிஞ்சுங்கள். தெளிந்த நீர் வரும். குழலைச் சிவப்பு நீருக்கு அண்மையில் இறக்கி விசையாக உறிஞ்சினாற் சிவப்பு நீர் கூம்பு போல மேலெழுந்து குழலினுட் புகும். பிள்ளைகளைக் கொண்டு இதனைச் செய்வித்துப் பாருங்கள். உங்கள் கிணற்றில் நடப்பதும் இதுவே.

5. ஆழமாக்குவதால் வரும் கேடு

துலா மிதித்து இறைத்த காலத்திலே மனிதனின் வலுவே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. மாலையில் இறைப்பு நிற்கும். இரவிற் கிணறு ஊறும். நீரிறைக்கும் இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை நீங்கியது. இயந்திரம் கிணற்று மட்டத்தை விரைவாக இறக்கும்போது, நேர் கீழேயுள்ள உவர்நீர் கூம்பாக மேலெழுகின்றது. கிணற்றை ஆழமாக்குவதோ, குழாய்க்கிணறு இறக்குவதோ, நாமே சென்று அவ்வுவர்நீரைத் தொடுவதற்கு ஒப்பாகும். கரையோரக் காணிகளில் வில்லை மெலிந்திருப்பதனால் இக்கேடு இன்னும் விரைவில் நேரும்.

சவரேறிய நீரை இறைத்தால் இலை நுனிகள் கருகும், பயிர் குன்றும். அவரையினப் பயிர்கள், வெங்காயம், கரட் என்பன சவரை எளிதிற் தாங்கா. பீற்றூட் ஓரளவு தாங்கும். நெல்லோ நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் மிகவும் பாதிக்கப்படும். ஒருமுறை உவராகிய கிணறு நன்னீராவதற்குப் பல மாரிகள் செல்லலாம்.

6. பசளையும் குடிநீரும்

செம்மண் மழையை விரைவாக உட்செலுத்துவது போன்றே, மண்ணில் இடப்படும் நைதரசன் பசளையையும் நீருடன் கீழே விட்டுவிடுகின்றது. பயிர் எடுத்துக்கொள்ளாத நைதரசன் நைத்திரேற்றாக மாறிக் கிணற்றை அடைகின்றது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்துள்ள எல்லை ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. குடாநாட்டின் செறிவான தோட்டச் செய்கைப் பகுதிகளிலே பல கிணறுகள் இவ்வெல்லையைக் கடந்துள்ளமையை 1980களிலேயே ஆய்வுகள் எடுத்துக்காட்டின.

இதனையும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோகிராம் யூரியாவில் 460 கிராம் நைதரசன் உண்டு. அது முழுவதும் கீழிறங்கினால் ஏறத்தாழ இரண்டு கிலோகிராம் நைத்திரேற்றாகும். நைத்திரேற்றே இல்லாத 40,000 லீற்றர் தூய நீரை மேற்கூறிய எல்லைக்குக் கொண்டுசெல்ல இது போதும்.

இந்நீரைப் பாலில் கலந்து கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலை இழக்கக்கூடும். குழந்தையின் உடல் நீலநிறமாகும். உயிருக்கும் ஆபத்து உண்டாகலாம். நீரைக் கொதிக்கவைப்பதனால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றும்போது அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே பயிருக்கு மேலதிகமாக இட்ட பசளை வெறும் பணவிரயமன்று. அது தோட்டத்தைக் கடந்து, தொட்டிலை அடைகின்றது.

கல்லின் வெடிப்புகள் நீரை வடித்துத் தரமாட்டா என்பதற்குச் சுன்னாகம் ஒரு பாடமாகும். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் அப்பகுதிக் கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்திருந்தமை மக்களைப் பெருங்கவலைக்கு உள்ளாக்கியது.

7. தோட்டக்காரர் செய்யவேண்டியவை

(அ) நீர்மட்டம் இறங்கினாற் கிணற்றை ஆழமாக்காதீர்கள். இறைப்பைக் குறையுங்கள்.

(ஆ) நீண்ட நேரம் தொடர்ந்து இறைக்காது, சிறிது சிறிதாக, இடைவெளி விட்டு இறையுங்கள். உறிஞ்சுகுழாயைக் கிணற்றின் அடிவரை இறக்கவேண்டாம்.

(இ) வெயில் ஏறுமுன் காலையிலோ, வெயில் தாழ்ந்தபின் மாலையிலோ நீர் பாய்ச்சுங்கள். வாய்க்காலில் ஒழுக்கு இல்லாதவாறு பாருங்கள். இயன்றவர் தெளிப்பு முறையையோ சொட்டு முறையையோ கையாளலாம்.

(ஈ) சோளகக் காற்று மண்ணை உலர்த்தாதவாறு பாத்திகளுக்கு வைக்கோலாலோ சருகாலோ மூடாக்கு இடுங்கள்.

(உ) நம் முன்னோர் பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்திய வழக்கத்தைக் கைவிடாதீர்கள். அது மண்ணின் நீர்ப்பிடிப்பையும் பசளைப்பிடிப்பையும் கூட்டும்.

(ஊ) நைதரசன் பசளையை ஒரே முறையில் இடாது, பயிரின் பருவத்துக்கேற்பப் பிரித்து இடுங்கள். பெருமழை வரும் அறிகுறி தோன்றும்போது இடவேண்டாம்.

(எ) எருக்கும்பியும் மலகூடக் குழியும் கிணற்றிலிருந்து குறைந்தது 100 அடி தூரத்தில் இருக்கட்டும். நாசினிப் போத்தல்களையும் தெளிகருவியையும் கிணற்றடியிற் கழுவாதீர்கள். பாழ்கிணற்றிற் குப்பை கொட்டுவதும் ஊர்க்குடிநீரிற் கொட்டுவதும் ஒன்றே.

8. நெற்செய்கையாளர் செய்யவேண்டியவை

நெல்வயல் உணவு தரும் இடம் மட்டுமன்று. மழையைப் பிடித்து நிலத்தினுள் இறக்கும் இடமுமாகும். புரட்டாதி முடியுமுன் வரம்புகளை உயர்த்திக் கட்டுங்கள். வயலில் ஓர் ஏக்கரில் ஓர் அங்குல நீரை மறித்தவர், ஓடிப்போக இருந்த 22,600 கலனை ஊருக்குச் சேமித்தவராவர். குளங்களையும் கேணிகளையும் கோடையிலே தூர்வாருங்கள்; அவற்றுக்கு நீர் வரும் வாய்க்கால்களை மதிலாலும் மண்ணாலும் அடைக்கவேண்டாம். தூர்ந்த குளத்தைக் குடிமனையாக்குவது பக்கத்து நூறு கிணறுகளைத் தூர்ப்பதற்குச் சமம்.

கடனீரேரிக்கு அண்மையில் வயலுடையோர், தொண்டைமானாறு, அரியாலை ஆகிய இடங்களிலுள்ள தடுப்பணைகளின் பயனை உணர்தல் வேண்டும். கடல்நீரை மறித்து, மாரி வெள்ளத்தால் ஏரிகளின் உவரைக் குறைப்பதே அவற்றின் நோக்கம். பொறியியலாளர் ஆறுமுகம் 1954 ஆம் ஆண்டில் முன்வைத்த யாழ்ப்பாணத்துக்கான ஆறு என்னும் திட்டமும் இந்நோக்கத்தையே விரித்துக் கூறியது.

9. கிணற்றுக்கு ஒரு கணக்குப் புத்தகம்

கயிறொன்றில் அடிக்கு ஒரு முடிச்சிட்டு, நுனியிற் கல்லைக் கட்டுங்கள். மாதத்தின் முதலாந் திகதியும் பதினைந்தாந் திகதியும், இறைப்பு தொடங்குமுன், கட்டிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி கீழே உள்ளதென அளந்து எழுதிவையுங்கள். நீரின் சுவையையும் குறியுங்கள். பாடசாலை செல்லும் பிள்ளையிடம் இவ்வேலையை ஒப்படைக்கலாம். இரண்டு ஆண்டுகள் எழுதினால், உங்கள் கிணறு எப்போது நிறைகின்றது, எவ்வளவு தாங்கும், எந்த மாதத்தில் இறைப்பைக் குறைக்கவேண்டும் என்பவை தாமே விளங்கும். எவ்வளவு பரப்பிற் பயிரிடுவது என்பதையும் அப்புத்தகத்தைப் பார்த்தே தீர்மானியுங்கள்.

நீரிற் சவர் தட்டுவதாக ஐயம் ஏற்பட்டால், உடனே இறைப்பை நிறுத்தி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் தெரிவியுங்கள். ஒரு போத்தல் நீரைக் கொண்டுசென்று அதன் மின்கடத்துதிறனை அளந்தால் உவரின் அளவு தெரியவரும். குழந்தையுள்ள வீட்டார் குடிநீரின் நைத்திரேற்றையும் சோதிப்பித்தல் நன்று.

மாரியில் நிறைவது ஊருக்கெல்லாம் பொதுவான நீர். உங்கள் கப்பியினூடாக வரும் பங்கை அளவோடு எடுத்தால், கீழேயுள்ள கடல் கீழேயே நிற்கும்.