அமிலத்தை அஞ்சும் அமில மருந்து

இரைப்பையின் அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோல் மருந்து அவ்வமிலத்திலேயே சிதைந்துவிடும் இயல்புடையது என்பது விந்தையே. ஆதலின் மாத்திரையின்மேல் அமிலத்தில் கரையாத மெல்லிய பூச்சு இடப்படுகிறது. சிறுகுடலை அடைந்த பின்னரே அது கரையும். கொல்கத்தா மத்திய மருந்து ஆய்வுக்கூடம் போன்ற இடங்களில் இவ்வகை மாத்திரைகளை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 2 மணி நேரம் வைத்துச் சோதிப்பது இப்பூச்சின் உறுதியை அறியவே. அப்பூச்சை, விழுங்க எளிதென்று எண்ணிப் பொடித்து அழிப்பாரும் உளர். மருந்து வீணாவதே மிச்சம்.

உணவின்போதுதான் அமிலம் சுரக்கும் உயிரணுக்கள் முனைந்து இயங்குகின்றன. அவ்வேளையில் மருந்து இரத்தத்தில் இருத்தல் நன்று. எனவே உண்பதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்னர் முழுமையாகவே விழுங்குக. பழைய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கி உண்பது தகாது. மெக்னீசியமும் வைட்டமின் பி12-உம் உடலில் குறையக்கூடும். கறுத்த மலம், இரத்த வாந்தி, காரணமற்ற மெலிவு தோன்றின், மாத்திரையை நம்பிக் காலங்கடத்தாது உடனே மருத்துவரை அணுகுக.