நாய்களுக்கு வரும் நீர்க்கடுப்பு: ‘மறுபடியும்’ என்ற சொல்லின் பொருள்

தொல்காப்பியர் மரபியலில் நாயின் இளமைப் பெயரைக் குருளை என்றும் அதன் பெண்பாற் பெயரைப் பிணவு என்றும் வகுத்துரைத்தார். ஞமலி, ஞாளி என்னும் பெயர்களும் பழந்தமிழில் நாய்க்கு உண்டு. இத்தனை பெயரிட்டு அழைத்த விலங்கின் நோய்களுக்குப் பெயர் சூட்டுவதில் மட்டும் நாம் சிக்கனம் காட்டிவிட்டோம். சிறுநீர் எரிச்சலோடு சொட்டுச் சொட்டாக இறங்கினால் நீர்க்கடுப்பு என்கிறோம். முற்றிலும் நின்றுபோனால் நீரடைப்பு என்கிறோம். கோடைக்காலம் வந்துவிட்டால் எல்லாவற்றிற்கும் ‘சூடு’ என்ற ஒரே சொல் போதுமானதாகிவிடுகிறது. குணமான நோய் திரும்பத் தோன்றினாலோ, ‘மறுபடியும் வந்துவிட்டது’ என்று சொல்லிப் பழைய மருந்தையே நாடுகிறோம்.

விலங்கியல் கற்பிக்கும் என்னிடம் தமிழ்த்துறையினர் இம்மலருக்குக் கட்டுரை கேட்டபோது, இந்த ‘மறுபடியும்’ என்ற சொல்லை ஆராய்வதே பொருத்தமெனத் தோன்றிற்று. அச்சொல்லுக்குள் வெவ்வேறான மூன்று நிகழ்ச்சிகள் அடங்கியுள்ளன. அவற்றைப் பிரித்தறியாமையால் ஒரு நாய் ஓராண்டுக்காலம் பட்ட துன்பத்தை நான் அருகிலிருந்து கண்டேன்.

என் நண்பர் ஒருவரின் தென்னந்தோப்பைக் காத்து நின்றது ஐந்து வயதுடைய கோம்பை இனப் பிணவு. ஒரு நாள் அது பத்தடிக்கு ஒரு முறை குந்தி, ஒவ்வொரு முறையும் சில துளிகளே கழித்தது. பின்புறத்தை ஓயாமல் நக்கியது. சிறுநீர் இளஞ்சிவப்பாக இருந்தது. மருத்துவர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதித் தந்தார். இரண்டே நாளில் நாய் தெளிந்துவிட்டது. மூன்று வாரத்தில் அதே துன்பம் மீண்டது. இம்முறை தோப்புக் காவலர், “சீட்டு என்னிடமே இருக்கிறது ஐயா, அதையே வாங்கிப் போட்டுவிடுகிறேன்” என்றார். அவ்வாறே நடந்தது, நாயும் தெளிந்தது. அந்த ஓராண்டில் ஐந்து முறை அதே சீட்டு மருந்துக் கடைக்குப் போய் வந்தது. நான்காம் முறையில் சிறுநீரோடு இரத்தக் கட்டிகள் வெளிப்பட்டதை நான் பார்த்தேன். பார்த்தும், ‘ஐந்து நாளில் சரியாகிவிடும்’ என்று சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைப்பதற்கில்லை.

பையும் அதன் காவலும்

சிறுநீர்ப்பை வெறும் தோற்பையன்று. நுண்ணுயிரிகள் உள்ளே நிலைபெறாதவாறு காக்கும் ஏற்பாடுகள் பல அதற்கு உண்டு. அவற்றுள் முதன்மையானது சிறுநீரின் ஓட்டமே. வெளியிலிருந்து புறவழி வாயிலாக ஏறிவரும் நுண்ணுயிரிகளை ஒவ்வொரு கழிப்பும் அடித்துச் சென்றுவிடுகிறது. பையின் உட்சுவரில் படிந்துள்ள வழுவழுப்பான படலம் அவை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கிறது. சிறுநீரின் செறிவும் அதிலுள்ள யூரியாவும் பல நுண்ணுயிரிகளுக்கு ஒவ்வாதவை. பிறப்புறுப்புப் பகுதியில் இயல்பாக வாழும் தீங்கற்ற நுண்ணுயிரிகளோ புதியவற்றிற்கு இடந்தராமல் நெருக்குகின்றன.

பிணவின் புறவழி குறுகிய நீளமும் அகன்ற வாயும் உடையது. ஆண் நாயினுடையது நீண்டு ஒடுங்கியது. ஆதலால் இந்நோய் பெண் நாய்களையே மிகுதியும் பற்றுகிறது. நோயை உண்டாக்குவன பெரும்பாலும் அந்நாயின் குடலிலும் தோலிலும் வாழ்ந்தவையே. எஷ்சரிச்சியா கோலை என்னும் குடல்வாழ் பாக்டீரியா இவற்றுள் முதலிடம் பெறுகிறது. ஸ்டஃபைலோகாக்கஸ், புரோட்டியஸ், என்டரோகாக்கஸ், கிளெப்சியெல்லா ஆகியன அடுத்து வருவன. பகைவன் எப்போதும் வாயிலிலேயே நிற்கிறான். ஆகவே, ‘பகைவன் எப்படி வந்தான்?’ என்று கேட்பதைக் காட்டிலும் ‘காவல் ஏன் தளர்ந்தது?’ என்று கேட்பதே பயன்தரும்.

மூவகை மீட்சி

ஆறு மாதத்தில் இரண்டு முறையோ, பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறையோ நோய் தோன்றினால் அதனை ‘மீள்வரும் தொற்று’ என்று கொள்ள வேண்டும் என்பது, துணைவிலங்குகளின் தொற்றுநோய்களுக்கான பன்னாட்டு அறிஞர் கழகம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி நெறிகளின் வரையறை. அவ்வாறு மீள்வதும் ஒரே வகையினதன்று.

மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போதே சிறுநீரில் அதே பாக்டீரியா வளருமானால் அது நீங்காத் தொற்று. மருந்து அதனிடம் செல்லுபடியாகவில்லை. அல்லது மருந்து உரிய அளவில் உள்ளே போகவில்லை. மருந்தை நிறுத்தியபின், பெரும்பாலும் சில வாரங்களுக்குள், அதே பாக்டீரியா தலைதூக்குமானால் அது மீள்கிளர்ச்சி. பகைவன் வெளியேறவே இல்லை. மருந்து எட்டாத மறைவிடத்தில் பதுங்கியிருந்தான் என்பது அதன் பொருள். முன்னது ஒழிந்தபின் வேறொரு பாக்டீரியா புதிதாக நுழைந்தால் அது மறுதொற்று. அங்கே மருந்து தன் கடமையைச் செய்துவிட்டது; கதவுதான் திறந்து கிடக்கிறது.

மூன்றையும் வெளித்தோற்றம் கொண்டு பிரிக்க இயலாது. மூன்றிலும் நாய் குந்தும், முக்கும், நக்கும். சிறுநீரிலுள்ள நுண்ணுயிரியை வளர்த்துப் பார்த்து, அதன் இனத்தையும் எம்மருந்துக்கு அது அடங்கும் என்பதையும் அறிந்து, முந்தைய முடிவோடு ஒப்பிட்டால்தான் விடை கிட்டும். நம் தோப்பு நாய்க்கு அச்சோதனை ஒரு முறைகூடச் செய்யப்படவில்லை.

சிறுநீரைப் பெறும் முறை

சோதனையின் மதிப்பு சிறுநீரை எடுத்த முறையைப் பொறுத்தது. தரையில் தேங்கியதை உறிஞ்சி எடுத்துச் சென்றால் மண்ணிலுள்ள நுண்ணுயிரிகளே வளரும். நாய் கழிக்கும்போது நடுவில் கிண்ணத்தை நீட்டிப் பிடிப்பது இயல்பான ஆய்வுக்கு உதவுமேயன்றி, நுண்ணுயிர் வளர்ப்புக்கு ஐயத்திற்கு இடமளிக்கும். வயிற்றின் வழியே மெல்லிய ஊசியைச் செலுத்திச் சிறுநீர்ப்பையிலிருந்தே நேராக எடுப்பதே சிறந்த முறை. கேட்பதற்கு அச்சமூட்டினும் பழகிய மருத்துவர் கையில் அது நொடிப்பொழுது வேலை. பெரும்பாலான நாய்கள் மயக்க மருந்தின்றியே இடந்தருகின்றன. எடுத்த சிறுநீரை உடனே ஆய்வகத்திற்கு அனுப்ப இயலாவிடில் குளிர்பெட்டியில் வைத்தல் வேண்டும். இயன்றவரை மருந்து தொடங்குமுன்பே எடுத்தல் வேண்டும்.

மனிதர்க்கான சிறுநீர்ச் சோதனைத் தாள்களைக் கடையில் வாங்கி நாய்க்குப் பயன்படுத்துவோர் உண்டு. அத்தாள்களில் வெள்ளணுவைக் காட்டும் கட்டமும் நைட்ரைட்டைக் காட்டும் கட்டமும் நாய்களைப் பொறுத்தவரை நம்பத்தக்கவையல்ல. சர்க்கரையும் இரத்தமும் உள்ளனவா என்று பார்க்க அவை உதவும். தொற்று இல்லையென்று முடிவு கட்ட உதவா.

காவல் தளரும் காரணங்கள்

மீள்வரும் தொற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் வேறொரு குறை இருக்கும். நீரிழிவுற்ற நாயின் சிறுநீரில் சர்க்கரை கலந்து அதன் காவல் தளர்கிறது. அட்ரீனல் சுரப்பி மிகைப்படச் சுரந்தாலும், தோல் அரிப்புக்கென ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் கொடுத்துவந்தாலும், உடலின் எதிர்ப்பாற்றல் குன்றுகிறது. அத்தகைய நாய்களில் தொற்று இருந்தும் எரிச்சலோ முக்கலோ வெளிப்படாமற் போவதுண்டு. நாட்பட்ட சிறுநீரக நோயில் சிறுநீர் செறிவிழந்து நீர்த்துவிடுகிறது. முதுகுத்தண்டு பாதிப்பால் பை முழுதும் காலியாகாமல் தேங்கும் நாய்களும், கருப்பை நீக்கம் செய்யப்பட்டபின் உறக்கத்தில் சிறுநீர் கசியும் பிணவுகளும் எளிதில் இந்நோய்க்கு ஆளாகின்றன. உடல் பருத்த சில பிணவுகளில் புறவாயை மூடித் தோல் மடிந்து கிடக்கும். அம்மடிப்பின் ஈரமே நுண்ணுயிரிகளுக்கு விளைநிலமாகும். வயது முதிர்ந்த நாயில் பையினுள் கட்டி வளர்ந்திருக்கவும் கூடும்.

விதையடிக்கப்படாத ஆண் நாய்க்கு இந்நோய் வந்தால் முதலில் ஐயுற வேண்டியது புராஸ்டேட் சுரப்பியை. பல மருந்துகள் அச்சுரப்பிக்குள் ஊடுருவுவதில்லை. ஊடுருவும் மருந்தைத் தேர்ந்து வாரக்கணக்கில் கொடுக்க நேரிடும். ஆண் நாய் மரத்துக்கு மரம் காலைத் தூக்குவது அதன் இயல்பாதலால் நோயின் தொடக்கத்தை வீட்டார் கவனிக்கத் தவறுவர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இனி, தோப்பு நாயின் காரணத்திற்கு வருவோம். ஐந்தாம் முறைக்குப்பின் வேறொரு கால்நடை மருத்துவர் ஊசிவழிச் சிறுநீர் எடுத்து அனுப்பினார். வளர்ந்தது ஸ்டஃபைலோகாக்கஸ். அவர் அதனோடு நில்லாமல் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தில் பையினுள் புறா முட்டையளவில் ஒன்றும் சுண்டைக்காயளவில் இரண்டுமாக மூன்று கற்கள் வெண்மையாகத் தெரிந்தன.

இங்கு நிகழ்ந்தது என்ன? ஸ்டஃபைலோகாக்கஸ், புரோட்டியஸ் போன்றவை யூரியேஸ் என்னும் நொதியைச் சுரக்கின்றன. அந்நொதி சிறுநீரின் யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவாக்குகிறது. சிறுநீர் காரத்தன்மை அடைகிறது. அந்நிலையில் மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் ஆகிய மூன்றும் படிகமாகி ஸ்ட்ரூவைட் எனப்படும் கல் உருவாகிறது. நாய்களில் காணும் ஸ்ட்ரூவைட் கற்களுள் பெரும்பாலானவை இவ்வாறு தொற்றினால் விளைந்தவையே. கல் அடுக்கடுக்காக வளர்கையில் பாக்டீரியாக்களும் அதனுள் சிறைப்படுகின்றன. மாத்திரை சிறுநீரில் மிதப்பவற்றைக் கொல்லும். கல்லினுள் இருப்பவற்றைத் தீண்டாது. மருந்து நின்றதும் அவை வெளிப்படும். தொற்று கல்லை வளர்க்கிறது. கல் தொற்றைக் காக்கிறது. ஐந்து முறையும் வந்தது ஒரே தொற்றின் மீள்கிளர்ச்சியே என்பது அப்போதுதான் புலனாயிற்று. இவ்வகைக் கல்லைத் தனியுணவாலும் உரிய மருந்தாலும் சில வாரம் முதல் சில மாதத்திற்குள் கரைக்கவும் இயலும். தோப்பில் அவ்வுணவைத் தவிர வேறொன்றும் அது தின்னாதபடி காப்பது இயலாதென்பதால் அறுவை மருத்துவமே தேர்ந்தெடுக்கப்பட்டது.

மருந்தைப் பற்றிச் சில சொல்

முன்னர் எளிய தொற்றுக்கும் இரண்டு வாரம் மருந்து கொடுப்பது வழக்கமாயிருந்தது. 2019ஆம் ஆண்டின் நெறிகள் அதனை மூன்று முதல் ஐந்து நாளாகக் குறைத்தன. மறுதொற்றாயின் அக்குறுங்காலமே போதும். நீங்காத் தொற்றிலும் மீள்கிளர்ச்சியிலும் ஏழு முதல் பதினான்கு நாள் வரை தேவைப்படலாம். அமாக்சிசிலின் போன்ற எளிய மருந்தில் தொடங்குவதே முறை. சோதனை வேண்டாமென்று எடுத்த எடுப்பிலேயே வலிய மருந்தைக் கேட்பது, நாளை உண்மையில் தேவைப்படும்போது அது பயனற்றுப்போக வழிவகுக்கும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியா நாயோடு நின்றுவிடுவதுமில்லை. வீட்டு விலங்கும் வீட்டாரும் ஒரே வகை எஷ்சரிச்சியா கோலையைச் சுமந்திருப்பது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது.

மற்றொன்று பலருக்கு வியப்பளிக்கும். சிறுநீரில் பாக்டீரியா வளர்ந்தும் நாய்க்கு எவ்வித அறிகுறியும் இல்லையெனில், பொதுவாக மருந்து தேவையில்லை. நடத்தப்பட வேண்டியது நோய், ஆய்வகத் தாளன்று.

நாய் வலியால் துடிப்பதைக் காணப் பொறாமல் நம் வீட்டு வலிநிவாரண மாத்திரையை உடைத்துக் கொடுப்பதைக் கடுமையாக எச்சரிக்க வேண்டியுள்ளது. ஐபுபுரூஃபன் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு. நெருஞ்சிக் குடிநீரும் பார்லிக் கஞ்சியும் நம் பாட்டிமார் கைம்மருந்துகள். அவற்றைக் குறைத்துரைக்க எனக்கு மனமில்லை. ஆயினும் கல்லினுள் இருக்கும் பாக்டீரியாவை அவை அகற்றமாட்டா. அயல்நாடுகளில் பெரிதும் விற்கப்படும் கிரான்பெரிச் சாறும் நாய்களில் இந்நோயைத் தடுப்பதாக உறுதிப்படவில்லை. காய்ச்சல், வாந்தி, உணவு மறுத்தல் ஆகியன சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். முக்கியும் ஒரு துளியும் வரவில்லையெனில் மறுநாள்வரை காத்திருத்தல் ஆகாது. உயிருக்கே ஊறு நேரும்.

அன்றாடக் காவல்

அறுவைக்குப்பின் மருத்துவர் நண்பரிடம் முதலில் கேட்ட கேள்வி, “நாயை எத்தனை மணிக்குக் கட்டுவீர்கள், எத்தனை மணிக்கு அவிழ்ப்பீர்கள்?” என்பதே. பகல் முழுதும் அது சங்கிலியில் கிடந்தது. தான் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்ய விரும்பாத நாய் பத்து மணி நேரமாயினும் அடக்கிக்கொள்ளும். அவ்வளவு நேரமும் பையிலுள்ள நுண்ணுயிரிகள் பெருகிக்கொண்டிருக்கும். நான்கைந்து மணிக்கொரு முறை அவிழ்த்துவிடுவதும், நிழலில் தூய நீரை எந்நேரமும் வைத்திருப்பதும் செலவில்லாத தடுப்பு முறைகள். சோற்றில் சிறிது நீரைக் கூடுதலாகக் கலந்து கொடுத்தாலும் கழிப்பு மிகும். பருத்த நாயின் எடையைக் குறைத்தல், தோல் மடிப்பை ஈரத்துணியால் துடைத்து உலரவைத்தல் ஆகியனவும் துணைபுரியும். மடிப்பு மிகுந்த பிணவுக்கு அதனைச் சீராக்கும் சிறு அறுவை உண்டு. நோய் வராதிருக்க அன்றாடம் சிறிதளவு மருந்து கொடுத்துவருதல் இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை.

எடுத்த கற்களையும் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பெரிய கல்லை உடைத்து அதன் நடுப்பகுதியிலிருந்து வளர்த்தபோது கிடைத்தது அதே ஸ்டஃபைலோகாக்கஸ். மருந்து முடிந்த ஒரு வாரத்தில் எடுத்த சிறுநீரில் எதுவும் வளரவில்லை. பதினான்கு மாதம் கழித்து அந்நாய் ஒரு முறை சொட்டுச் சொட்டாகக் கழித்தது. காவலர் பழைய சீட்டைத் தேடவில்லை. நாயை ஏற்றிக்கொண்டு நேரே மருத்துவரிடம் போனார். இம்முறை வளர்ந்தது எஷ்சரிச்சியா கோலை. படத்தில் கல் ஏதுமில்லை. ஐந்து நாள் மருந்தில் தீர்ந்தது.