பழைய அநீதி, இன்றைய சட்டம்

கேள்வி: பெண்களுக்கு அந்தக் காலத்தில் அநீதி நடந்தது உண்மைதான். அதற்கு இன்றைய தலைமுறை ஏன் பதில் சொல்ல வேண்டும்?
– வாசகி, திருச்சி

பதில்: அந்தக் காலம் இன்னும் முடியவில்லையே, அம்மா! மணமானதுமே மனைவி தன்னைக் கணவனுக்கு ஒப்படைத்துவிட்டாள், அந்தச் சம்மதத்தை அவள் திரும்பப் பெற முடியாது என்று எழுதிவைத்தவர் ஆங்கிலேய நீதிபதி மேத்யூ ஹேல். அவர் இறந்தது 1676-இல். 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டமும் வன்புணர்வுக் குற்றத்திலிருந்து கணவனுக்கு விலக்களித்தது. இங்கிலாந்து நீதிமன்றம் 1991-இல் அந்த விலக்கைத் தூக்கியெறிந்தது. நாமோ 2023-இல் புதிதாக இயற்றிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவிலும் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். மனைவிக்கு 18 வயது நிரம்பியிருந்தால் போதுமாம். கொடுமை! மக்கள் கூடி அரசை உருவாக்கியதாகச் சொல்லப்படும் சமூக ஒப்பந்தத்துக்கு அடியிலேயே பெண்ணின் அடிபணிதல் புதைந்திருக்கிறது என்று அரசியல் சிந்தனையாளர் கரோல் பேட்மன் 1988-இல் வாதிட்டதைத்தான் இந்த விலக்கு நினைவூட்டுகிறது. விலக்கை நீக்கும் அதிகாரம் நாம் வாக்களித்து அனுப்பிய நாடாளுமன்றத்திடம் இருக்கிறது.