டீசல் பிக்-அப் வண்டியில் அளவுமானிகள்: பொருத்தும் முறையும் படிக்கும் முறையும்

செம்பனைக் குலைகளை அறுத்த 24 மணி நேரத்திற்குள் ஆலையிற் சேர்த்தல் நலம். தாமதிக்குந்தோறும் பழத்தில் கொழுப்பமிலம் பெருகி எண்ணெயின் தரம் குன்றுகிறது. சீக், பாலிங், கூலிம் வட்டாரங்களில் உள்ள சிறுதோட்டக்காரர் பலருக்கு இவ்வேலையை முடித்துத் தருவது ஒரு டீசல் பிக்-அப் வண்டியே. அறுவடை நாளில் அவ்வண்டியின் இயந்திரம் பழுதானால் குலைகளும் கெடும், கூலியும் போகும், பழுது பார்க்கும் செலவும் தலைமேல் விழும். இயந்திரத்தின் உடல்நிலையை முன்கூட்டியே அறிவிக்கும் அளவுமானிகளைப் பற்றியும், அவற்றைப் பிழையின்றிப் பொருத்தும் முறையைப் பற்றியும் இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

எச்சரிக்கை விளக்கு போதாதா?

வண்டியோடு வரும் விளக்குகளும் முள்ளும் இருக்க, வேறு மானிகள் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. எண்ணெய் விளக்கை இயக்குவது ஓர் எளிய சுவிட்ச். பெரும்பாலான வண்டிகளில் எண்ணெய் அழுத்தம் ஏறத்தாழ அரை பார் அளவுக்கோ அதற்கும் கீழோ இறங்கிய பின்னரே அது எரியும். பாரத்தோடு மேடேறும் இயந்திரத்தின் பேரிங்குகள் அதற்கு முன்பே தேயத் தொடங்கியிருக்கும். வெப்ப முள்ளோ, பல வண்டிகளில் ஓட்டுநர் வீணே கலங்காதிருக்கும்பொருட்டு, வெப்பம் சற்று ஏறினும் இறங்கினும் நடுவிலேயே நிற்குமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. அது நகரக் காணும்போது காலம் கடந்திருக்கலாம். சுருங்கக் கூறின், விளக்கு கேடு வந்ததைச் சொல்கிறது. மானி கேடு வருவதைச் சொல்கிறது.

நான்கு மானிகள்

1. எண்ணெய் அழுத்தமானி: எண்ணெய் குறைந்தாலும், பம்பு தேய்ந்தாலும், பேரிங் தளர்ந்தாலும் இதன் எண் குறையும்.

2. குளிர்நீர் வெப்பமானி: பல இயந்திரங்கள் 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் நலமாக ஓடும். ஆயினும், குழாய் வெடித்து நீர் முழுதும் வெளியேறிவிட்டால், நீரில் மூழ்கியிருக்க வேண்டிய உணரி காற்றில் நின்று குறைந்த வெப்பத்தைக் காட்டி ஏமாற்றக்கூடும். ஆதலின் சிலிண்டர் தலையின் உலோகத்திலேயே திருகாணியால் இறுக்கும் உணரி ஒன்றையும் சேர்த்தல் நன்று.

3. புகைவெப்பமானி: இயந்திரத்திலிருந்து வெளியேறும் புகையின் வெப்பத்தை இது அளக்கிறது. வெவ்வேறான இரு உலோகக் கம்பிகளை இணைத்து அவ்விணைப்பைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும் என்னும் உண்மை, 1821ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் தாமஸ் சீபெக் செய்த ஆய்விலிருந்து வெளிப்பட்டது. இம்மானி அவ்வுண்மையின்படியே இயங்குகிறது. டீசல் இயந்திரத்தில் காற்றுக்கு மிஞ்சி எரிபொருள் புகுந்தால் கரும்புகையும் கடும் வெப்பமும் உண்டாகும். தூய அலுமினியம் 660 பாகையில் உருகும். அலுமினியக் கலவையாலான பிஸ்டன்கள் எண்ணெயும் நீரும் இடைவிடாது வெப்பத்தை வாங்கிக்கொள்வதாலேயே தாங்கி நிற்கின்றன. எனவே டர்போவுக்கு முன்னுள்ள புகை 700 பாகையை நெருங்கினால், மிதியைத் தளர்த்திக் கியரைக் குறைத்தல் வேண்டும். வண்டி உற்பத்தியாளர் வேறு வரம்பு கூறியிருப்பின் அதனையே கொள்க.

4. டர்போ அழுத்தமானி: காற்றுக்குழாய் கிழிந்தாலும் இணைப்பு தளர்ந்தாலும் இதன் எண் வழக்கத்திற்குக் கீழே நிற்கும். அந்நிலையில் ஓட்டினால் எரிபொருள் வீணாகும். தீபகற்ப மலேசியாவில் 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்ததை நினைவிற்கொண்டால், இம்மானியின் பயன் விளங்கும்.

நான்கையும் ஒரே நாளில் வாங்க இயலாதவர், எண்ணெய் அழுத்தத்தையும் குளிர்நீர் வெப்பத்தையும் முதலில் கவனிப்பாராக.

பொருத்தும் முறை

பிழையாகப் பொருத்திய மானி, மானியே இல்லாததைவிடத் தீங்கானது. கசியும் எண்ணெயும் உராயும் வயரும் வண்டியையே எரித்துவிடும். ஆதலின் பின்வரும் முறைகளைக் கைக்கொள்க.

முதற்கண், இயந்திரம் முற்றும் ஆறிய பின், பேட்டரியின் எதிர்முனை வயரைக் கழற்றி விடுக. சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறவாதீர்.

எண்ணெய் உணரியை, தொழிற்சாலையில் பொருத்திய சுவிட்ச் உள்ள துளையில் மூவழி இணைப்பின் வாயிலாகச் சேர்க்க. பழைய விளக்கையும் அகற்றாது வைத்துக்கொள்க. இங்கே மரை வேறுபாட்டில் பலர் தவறுகின்றனர். ஜப்பானிய வண்டிகளில் பெரிதும் காணப்படும் எட்டிலொரு அங்குலக் குழாய் மரையில் ஓர் அங்குலத்திற்கு 28 சுற்றுகள். அமெரிக்க மரையிலோ 27 சுற்றுகள். இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும். ஒன்றை மற்றொன்றில் வலிந்து திருகினால் மரை கெட்டு எண்ணெய் கசியும். பொருத்தமான மாற்றிணைப்பைக் கேட்டு வாங்குக. மேலும், கனத்த உணரியை இயந்திரத்தில் நேரே தொங்கவிட்டால் அதிர்வினால் இணைப்பு முறியும். உரிய உயரழுத்தக் குழாயால் அதனைச் சற்று அப்பால் கொண்டுசென்று இறுக்குக. சூடான எண்ணெயை ஓட்டுநர் அறைக்குள் கொண்டுவரும் பழைய வகை மானியைக் காட்டிலும் மின்சார மானியே பாதுகாப்பானது.

குளிர்நீர் உணரியை ரேடியேட்டரின் மேற்குழாயில் இணைப்பு வளையத்தோடு பொருத்தலாம். குழாய் ரப்பராதலின் அவ்வளையத்திற்குத் தனி மின்தரை வயர் தேவைப்படலாம். பின்னர் நீரை நிரப்பிக் காற்றுக்குமிழிகளை வெளியேற்றுக.

புகைவெப்ப உணரிக்காகப் புகைக்குழாய்த் தொகுதியில் துளையிட வேண்டும். அத்தொகுதியைக் கழற்றிக் கீழே வைத்தே துளையிடுதல் முறை. உள்ளே விழும் இரும்புத் துகள், நிமிடத்திற்கு ஓர் இலட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடிய டர்போ இறகைச் சிதைத்துவிடும். இவ்வேலையை அனுபவமிக்க பட்டறைக்காரரிடம் விடுவதே அறிவுடைமை. உணரியோடு வந்த கம்பியை வெட்டிச் சாதாரண செம்பு வயரால் நீட்டுதல் கூடாது. நீட்டினால் எண் பிழைபடும்.

வயர்களை இரும்புத் தடுப்பின் வழியே கொண்டுசெல்லும் துளையில் ரப்பர் வளையம் இடுக. புகைக்குழாயையும் மிதிகளையும் வயர் தொடலாகாது. சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து, மானிக்கு உற்பத்தியாளர் கூறும் அளவுள்ள தனி ஃபியூஸ் வழியே மின்னிணைப்புத் தருக. முன்கண்ணாடியை ஒட்டிய தூணில் காற்றுப்பை உள்ள வண்டிகளில், அங்கே மானியைப் பொருத்துதல் உயிருக்கே ஆபத்து. சாலையை மறைக்காத வேறிடம் தேர்க.

புதிய வண்டிகளில் டீசல் குழாய்கள் ஆயிரம் பாருக்கும் மிகுந்த அழுத்தத்தைத் தாங்குவன. மானிக்காக அவற்றைத் தொடவே கூடாது. இத்தகைய வண்டிகளில், ஸ்டீயரிங்கின் கீழுள்ள 16 முனைச் சாக்கெட்டில் செருகும் சிறு கருவியே நீர் வெப்பத்தையும் டர்போ அழுத்தத்தையும் காட்டிவிடும். எக்குழாயையும் வெட்ட வேண்டியதில்லை. ஆயினும் எண்ணெய் அழுத்தத்திற்குச் சுவிட்ச் மட்டுமே உள்ள வண்டியில் அவ்வெண்ணை இக்கருவி காட்டாது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியாயின், எதையும் மாற்றுமுன் விற்பனையாளரைக் கேட்டறிக.

வேலை முடிந்ததும் பேட்டரியை இணைத்து, இயந்திரத்தை ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பிலும் கசிவு உண்டா எனப் பார்க்க. முதல் நாள் ஓட்டத்திற்குப் பின்னும், இயந்திரம் ஆறியதும் மீண்டும் சோதித்தல் வேண்டும்.

படிக்கும் முறை

மானியைப் பொருத்துவது பாதி வேலையே. ஒரு வண்டியின் எண் மற்றொரு வண்டிக்குப் பொருந்தாது. ஆகவே, இயந்திரம் நலமாக உள்ள நாளிலேயே அதன் எண்களை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவைக்க. சூடேறிய பின் நின்ற நிலையில் எண்ணெய் அழுத்தம் எவ்வளவு? நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் எவ்வளவு? பாரத்தோடு வழக்கமான மேட்டில் ஏறுகையில் நீரும் புகையும் எத்தனை பாகை? குரூணிலிருந்து 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் மலைமீது ஏறும் சாலை போன்ற நீண்ட ஏற்றமாயினும், தோட்டத்துச் செம்மண் மேடாயினும், அதே இடத்தில், அதே பாரத்தில், அதே கியரில் பார்த்த எண்ணே ஒப்பிடத் தக்கது. மாதந்தோறும் ஒரு முறை பார்த்து எழுதி வந்தால், எண்ணெய் அழுத்தம் சிறிது சிறிதாக இறங்குவதும், நீரின் வெப்பம் சிறிது சிறிதாக ஏறுவதும் ஏட்டிலேயே தெரிந்துவிடும்.

எண்ணெய் அழுத்தம் திடீரெனச் சரிந்தால், ஓரமாக நிறுத்தி உடனே இயந்திரத்தை அணைக்க. ‘பட்டறை அருகில்தானே’ என்று ஓட்டிச் செல்லுதல் கூடாது. ஆனால் நெடிய மேடேறி வந்த பின், எல்லா எண்ணும் சரியாக இருக்கையில், உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டால் டர்போ ஆறும். அதிலுள்ள எண்ணெய் கருகாது.

இத்தொழிலில் நாட்டமுள்ள தோட்டப்புற இளைஞர்கள் வாகனத் துறையில் மலேசியத் திறன் சான்றிதழ் பெற்று முறையாகப் பயிலலாம். வண்டி வைத்திருப்போரோ, இன்றே குறிப்பேட்டைத் தொடங்கி அதனை வண்டியிலேயே வைத்திருப்பாராக. பட்டறைக்குச் செல்லும்போது அவ்வேட்டைக் காட்டினால், எங்கே கோளாறு என்று தேடும் நேரமும் பணமும் மிச்சமாகும்.