அப்பாவின் அம்பாசடரும் மகனின் வயதும்

கேள்வி: வில்லிங்டன் தீவின் துறைமுகக் குடியிருப்பில் வளர்ந்தவன் நான். பதினெட்டு முடிந்ததும் அப்பாவின் அம்பாசடரில் ஓட்டப் பழகியது இன்றும் பசுமையாக நினைவிருக்கிறது. இப்போது பதினாறு வயது மகன் கார் சாவி கேட்கிறான். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், மட்டாஞ்சேரி

பதில்: அந்த நினைவு நிலைத்ததற்குக் காரணம் உண்டு. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காயலைத் தூர்வாரி எடுத்த மண்ணால் எழுந்த தீவு அது, தரை சமதளம். அம்பாசடரோ உடம்பு முழுவதையும் வேலை வாங்கிய வண்டி. அந்நாளைய அம்பாசடரில் கியர்த் தண்டு ஸ்டியரிங்கை ஒட்டியே இருந்தது. கிளட்சை நிதானமாக விடாவிட்டால் வண்டி குதித்து நின்றுவிடும். முன்பக்கம் ஒரே நீள இருக்கை என்பதால் அப்பா நெருங்கி உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க முடிந்தது. 1983-இல் மாருதி 800 வந்தபின் பழகுவது எளிதாயிற்று.

ஆனால் மகனிடம் இப்போது சாவியைக் கொடுக்காதீர்கள். காருக்குப் பழகுநர் உரிமமே 18 வயதில்தான். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.

இந்த இரண்டு ஆண்டில் டயர் மாற்றவும், எஞ்சின் ஆயில் அளவு பார்க்கவும், சாலை விதிகளைப் படிக்கவும் பழக்குங்கள். பதினெட்டு முடிந்ததும் ‘எல்’ பலகை மாட்டி, உங்கள் அப்பாவைப் போல நீங்களே பக்கத்தில் உட்காருங்கள்.