புத்தூர் வானில் அகத்தியம்



அகத்திய நட்சத்திரம் எனப்படும் கனோப்பஸ், இரவு வானில் சிரியஸுக்கு அடுத்தபடி ஒளிமிக்க விண்மீன். மாசி மாத முன்னிரவில் தெற்கே தனித்து நிற்பதால் இதைத் 'தென்துருவ நட்சத்திரம்' என்று சொல்வோர் உண்டு. அது பிழை. வானின் தென்முனை யாழ்ப்பாணத்துப் புத்தூரில் தொடுவானத்துக்குக் கீழே ஏறத்தாழ 10 பாகையில் மறைந்து கிடக்கிறது. அகத்தியம் அந்த முனையிலிருந்து 37 பாகை விலகியது. தெற்கிலிருந்து 36 பாகை கிழக்கே உதித்து, அதே அளவு மேற்கே மறையும். ஒரு பனையின் ஓரத்தில் வைத்து அரை மணி நேரம் பார்த்தால் அது நகர்வது தெரிந்துவிடும். பாராமலே பேசுவதுதான் வழக்கமாகிவிட்டது.

புத்தூரில் இது ஒரு நாளில் பத்தேகால் மணி நேரம் தொடுவானத்துக்கு மேலே நிற்கும். அதி உச்சத்திலும் உயரம் 27½ பாகையே. நீட்டிய கையின் முட்டி ஒன்று 10 பாகை என்று கொண்டால் மூன்று முட்டிக்குச் சற்றுக் குறைவு. 60 அடிப் பனை 115 அடி தொலைவில் நின்றாலே அந்த உயரத்தை மறைத்துவிடும். வீட்டு முற்றம் இதற்கு உதவாது. தெற்குத் திறந்த தோட்டவெளியோ வயல்வெளியோ வேண்டும். யாழ்ப்பாண நகரின் வெளிச்சம் தென்மேற்கில் இருப்பதால், மறையும் வேளையைவிட உச்சவேளையே பார்ப்பதற்கு நல்லது.

எல்லா விண்மீன்களையும் போல இதுவும் நாளுக்கு நான்கு நிமிடம், மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முந்தி உதிக்கும். ஜூன், ஜூலையில் சூரிய ஒளியில் மறைந்திருந்து, ஆடிப் பிற்பகுதியில் விடியலுக்கு முன் மீண்டும் தலைகாட்டும். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் காலை ஐந்து மணிக்குத் தென்கிழக்கில் ஐயமின்றிக் காணலாம்.

இந்த விடியல் உதயத்தைப் பற்றித்தான் நூல்கள் அதிகம் பேசுகின்றன. பழைய வானநூலறிஞர் வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் அகத்தியத்துக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அகத்தியம் உதித்தால் கலங்கிய நீர் தெளியும் என்பது அந்த மரபு. அவர் வாழ்ந்த உஜ்ஜயினிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை தணியும் காலம் அது, அங்கே பொருந்தும். யாழ்ப்பாணத்திலோ ஆடி சோளகம் வீசும் வறண்ட மாதம். தெளிவதற்குக் கலங்கிய நீரே இராது. மாரி தொடங்குவது ஐப்பசியில், அதாவது அகத்தியம் நள்ளிரவை ஒட்டி உதிக்கத் தொடங்கும்போது. கார்த்திகை நடுவில் உதயம் இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன் வந்துவிடுகிறது. அந்நாட்களில் மழையும் கடுமை. ஆகவே இந்தக் குடாநாட்டுக்கு அகத்தியம் மழையை முடித்துவைக்கும் மீன் அல்ல, மழையோடு ஏறிவரும் மீன். உதயநாள் இடத்துக்கு இடம் மாறும், அந்தந்த ஊருக்குக் கணித்துக்கொள்ள வேண்டும் என்று வராகமிகிரரே சொல்லியிருக்கிறார். அதை விட்டுவிட்டு உஜ்ஜயினியின் பலனை வன்னிக்கும் வலிகாமத்துக்கும் ஒப்புவிப்பது படிப்பல்ல, மனப்பாடம்.

மார்கழியில் முகில் விலகினால், திருவெம்பாவைக்குப் புறப்படுவோர் காலை நான்கு மணியளவில் தென்மேற்கே தாழ்ந்திருக்கும் அகத்தியத்தைக் காணலாம். தைப்பொங்கல் இரவில் பதினொரு மணியளவில் உச்சம். ஆண்டின் மிகச் சிறந்த இரவு மகா சிவராத்திரி: விடியும் தறுவாய் வரை நிலவு இராது, மழை ஓய்ந்திருக்கும், ஊரே விழித்திருக்கும். பெப்ரவரி நடுவில் வந்தால் உச்சம் ஒன்பது மணி, மார்ச் தொடக்கத்தில் வந்தால் எட்டு மணி. திருவாதிரைக்கு அருகே வரிசையாக நிற்கும் மூன்று மீன்களின் கோட்டைத் தென்கிழக்கே நீட்டினால் சிரியஸ். அது தெற்கே உயர நிற்கும்போது, 36 பாகை கீழே, சற்று மேற்காக அகத்தியம். இடையில் இதற்கு நிகரான மீன் வேறில்லை. தாழ இருக்கையில் சிவப்பும் பச்சையுமாக மினுங்குவது காற்றின் வேலை. உயர்ந்தபின் வெண்மையாகவே தெரியும்.

நிகரான மீன் அருகில் இல்லாத இந்தத் தனிமை விண்கலங்களுக்கும் பயன்பட்டது. 1964இல் செவ்வாய்க்குப் புறப்பட்ட மரினர் 4 திசை தவறாதிருக்க அகத்தியத்தையே உணரியால் பற்றிக்கொண்டது.

சித்திரைப் புத்தாண்டு இரவில் பத்தேகால் மணிக்கு மறையும். மே நடுப்பகுதியில் எட்டேகாலுக்கே மறைவதால், இருட்டியதும் தென்மேற்கில் சிறிது நேரமே கிடைக்கும். அதன்பின் ஆடி வரை இல்லை. வடக்கே 37 பாகைக்கு அப்பால் இது உதிப்பதே இல்லை. லண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள உறவினரிடம் எந்த மாதத்திலும் தேடச் சொல்லிப் பயனில்லை. மெல்பேணில் இருப்போருக்கு இது மறைவதே இல்லை எனலாம்.